ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தது

சீமைக்கருவை நாங்கள் விதைத்த பயிர் இல்லை. ஆனால் எங்கள் காட்டில் வேறு எதையும்விட அதுதான் நன்றாக விளைகிறது. மானாமதுரைக்குத் தெற்கே மூன்றரை ஏக்கர் புஞ்சை. அப்பா காலத்தில் மிளகாய் போட்ட நிலம். ஆறேழு வருடம் உழாமல் விட்டதில் கருவை மூடிவிட்டது.

சித்தப்பா கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். கேஸ் அடுப்பும் வைத்திருக்கிறார், ஆனால் பெரிய அண்டாவில் சோறு வடிக்கவும் பிரியாணிக்குத் தம் போடவும் விறகு இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. மாதம் ஒன்றரை டன் விறகை விறகுக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தார். "நம்ம காட்டுல விறகு நிக்குது, நாம எடைமேடையில காசோட நிக்கிறோம், நல்லாருக்காப்பா?" என்று ஒருநாள் கேட்டார். செயின்சா, அதாவது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம், வாங்கும் யோசனை அன்றைக்கு வந்ததுதான்.

கடையில் போய் நின்றதும் முதல் கேள்வி, "எத்தனை சிசி வேணும்?" எனக்குத் தெரிந்த சிசி எல்லாம் பைக் சிசிதான். நூறை விட நூற்றைம்பது நல்லது. அப்படியானால் முப்பதை விட ஐம்பத்தெட்டு நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? பெயர் கேள்விப்படாத சீன மிஷின் ஒன்று, ஆரஞ்சு நிறம், பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 58 சிசி. 22 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), இரண்டு செயின், ஒரு அரம், எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். பக்கத்தில் இருந்த பெயர் பெற்ற கம்பெனியின் 30 சிசி மிஷின் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சின்னதுக்கு ஏன் இவ்வளவு விலை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெரியது மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையை வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் செய்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், வெட்ட வேண்டிய மரங்களின் கனத்தை அளந்தேன். பத்துத் தண்டில் எட்டு, 3 முதல் 6 அங்குலக் கனம். ஒன்றிரண்டு 8, 9 அங்குலம். தூர் மட்டும் சில இடங்களில் 12 வரை போகிறது. அதை நாங்கள் அறுப்பதில்லை, கரி மூட்டம் போடுகிறவர்கள் தோண்டி எடுத்துக்கொள்வார்கள். இது போக, வரப்பில் காற்றில் சாய்ந்த இரண்டு வேம்பு, 14 அங்குலம். கிணற்றடியில் பட்டுப்போன புளி ஒன்று, 30 அங்குலத்துக்குக் குறையாது. ஆக, என் வேலையில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு சாண் கனம்கூட இல்லாத கட்டை. அதற்கு நான் வாங்கி வைத்திருந்தது 22 அங்குலப் பார்.

நீளப் பாரால் என்ன கெடுதல், சின்னக் கட்டையையும் அறுக்கத்தானே செய்யும் என்று தோன்றும். கருவையில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அது ஒற்றைத் தண்டாக வளர்கிற மரம் இல்லை. ஒரே தூரிலிருந்து ஐந்து, ஆறு தண்டு வெடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். முன்னால் நிற்கும் தண்டை அறுக்கும்போது பாரின் மிச்ச நீளம் பின்னால் போய் எதில் இடிக்கிறது என்று நமக்குத் தெரியாது. இரண்டாவது வாரம் அதுதான் நடந்தது. 5 அங்குலத் தண்டை அறுத்துக்கொண்டிருக்கிறேன். மறைவில் நின்ற இன்னொரு தண்டில் பாரின் மூக்கு, அதுவும் மூக்கின் மேல்பாதி, பட்டுவிட்டது. மிஷின் மேலெழும்பி முகத்தை நோக்கி வந்தது. இடது கையின் பின்புறம் முன்னால் இருந்த பிரேக் தகட்டில் இடித்து, செயின் நின்றது. எல்லாம் ஒரு கண் சிமிட்டல் நேரம்தான். மிஷினை அணைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன்.

மூக்கின் மேல்கால் பகுதியில் செயின் வளைந்து திரும்புகிறது. அந்த இடத்தில் கட்டை பட்டால் பல் மரத்தை அறுக்காமல் கவ்வும். கவ்வினால் மொத்த விசையும் திரும்பி நம் பக்கம் வரும். சிறிய மிஷினிலும் இது நடக்கும். ஆனால் அறுக்கிற கட்டையைத் தாண்டி ஒரு முழம் பார் நீட்டிக்கொண்டிருந்தால், இடிபடுவதற்கான இடமும் அந்த அளவுக்குக் கூடுகிறது. அதற்குமுன் வெறும் கண்ணாடியும் செருப்பும்தான் என் பாதுகாப்பு. அன்று சாயங்காலமே முகவலை வைத்த ஹெல்மெட்டும் கனமான ஷூவும் வாங்கினேன். கருவை முள்ளுக்கு ஷூ எப்படியும் வேண்டியதுதான்.

அடுத்த சங்கடத்துக்கு முழுக் காரணம் நானே. வீட்டில் இரண்டு வெள்ளைக் கேன். ஒன்றில் ஆயில் கலந்த பெட்ரோல், மற்றதில் பைக்குக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோல். நிறத்தைப் பார்க்காமல் ஊற்றிவிட்டேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு என்பதே பெட்ரோலில் கலந்து வருகிற ஆயில்தான். தனியாக ஆயில் தேங்கும் அறை கிடையாது. கால் மணி நேரம் நன்றாக ஓடியது, வழக்கத்தை விடச் சுறுசுறுப்பாகக்கூட ஓடியது. அப்புறம் சுருதி இறங்கி நின்றது. கயிற்றை இழுத்தால் கல் மாதிரி நின்றுகொண்டது. ஆறிய பிறகு இழுத்தால் சுற்றியது, ஆனால் அழுத்தமே இல்லை.

சைலன்சரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கச் செங்குத்துக் கீறல். சரி, திறந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்த வகை மிஷினில் வேலை கடினமில்லை. நான்கு போல்ட்டைக் கழற்றினால் சிலிண்டர் மேலே வந்துவிடும். சிலிண்டரும் பிஸ்டனும் ரிங்கும் சேர்ந்த செட் மதுரையில் 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. கவனிக்க வேண்டியவை மூன்று. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய் அதற்கான முளையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் முதல் இழுப்பிலேயே உடையும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சர்க்ளிப்பை, அந்தச் சின்னக் கம்பி வளையத்தை, கழற்றும்போது கீழே கிராங்க் இருக்கும் அறையின் வாயில் துணியை அடைத்துக்கொள்ள வேண்டும். நான் துணி அடைத்தேன். சர்க்ளிப் உள்ளே விழவில்லை, எகிறி வாசல் மணலில் விழுந்தது. காந்தத்தைக் கொண்டு அரை மணி நேரம் தேடினேன். கிடைத்தபோதுதான் புது செட்டில் புது சர்க்ளிப்பும் இருப்பதைப் பார்த்தேன்.

சிலிண்டர் கையில் இருக்கும்போது ஒரு ஆசை. வெர்னியரை எடுத்து உள்விட்டம் அளந்தேன்: 45.2 மி.மீ. ஃப்ளைவீலைச் சுற்றி, பிஸ்டன் மேலே நிற்கும் உயரத்தையும் கீழே நிற்கும் உயரத்தையும் குறித்தேன். வித்தியாசம் 34 மி.மீ. விட்டத்தின் வர்க்கம் பெருக்கல் 0.785 பெருக்கல் 34. வந்தது 54.5 சிசி. இரண்டாம் முறையும் அளந்தேன், அதேதான். மேலே ஒட்டியிருந்த 58-இல் மூன்றரை சிசி ஸ்டிக்கரில் மட்டும் இருந்தது.

எனக்குப் பெரிய கோபம் இல்லை. மூன்றரை சிசியில் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் அன்றிலிருந்து சிசியை ஒரு எண்ணாக நம்புவதை விட்டுவிட்டேன். சிசி என்பது சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த இடத்திலிருந்து எவ்வளவு விசை எடுக்கிறார்கள் என்பது கிலோவாட்டில் இருக்கும். என் மிஷினின் அட்டையில் அந்த எண்ணையே காணோம். ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டில் என்ற செயின்சா கம்பெனியின் மூன்று மிஷின்களை எடுத்துக்கொள்வோம். எம்எஸ் 180 என்பது 31.8 சிசி, விசை ஒன்றரை கிலோவாட்டை ஒட்டி, பாரும் செயினும் இல்லாமல் சுமார் 3.9 கிலோ எடை. எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. எம்எஸ் 381 என்பது 72.2 சிசி, 3.9 கிலோவாட், 6.6 கிலோ. 32-லிருந்து 45-க்குப் போனால் முக்கால் கிலோ எடைக்கு ஏறக்குறைய பாதி விசை கூடுதலாகக் கிடைக்கிறது. 45-லிருந்து 72-க்குப் போனால் விசை இன்னும் கூடும், ஆனால் இரண்டு கிலோவைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். காலையிலிருந்து குனிந்து தண்டு அறுக்கிறவனுக்கு இரண்டு கிலோ என்பது முதுகில் தெரியும். என் சீன மிஷினை 22 அங்குலப் பாரோடு, டேங்க் நிரப்பி, சித்தப்பாவின் அரிசித் தராசில் வைத்தேன். 7.3 கிலோ. எடையில் பாதி மூக்குப் பக்கம் தொங்குவது போலத்தான் கையில் இருக்கும்.

மிஷினைத் திரும்பப் பூட்டியதும் 22-ஐக் கழற்றி 18 அங்குலப் பார் போட்டேன். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பார் மாற்றினால் செயினும் மாறும். பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (பார் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தப் பள்ளத்தில் ஓடும் கண்ணி) எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். என்னுடையது 0.325 அங்குலப் பிட்ச், 0.058 அங்குலக் கேஜ், 22-க்கு 86 லிங்க், 18-க்கு 72. பழைய பாரின் அடிப்பகுதியில் இது அச்சடித்திருக்கும். அறுக்கும் பல் என்று எண்ணினால் 43-லிருந்து 36 ஆகக் குறைந்தது. அரம் போடுகிறவனுக்கு அதுவே லாபம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இந்தச் செயினில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 1.3 அங்குலம். 6 அங்குலக் கட்டைக்குள் ஒரு நேரத்தில் நான்கு, ஐந்து பல்தான் இருக்கும். பார் 16 ஆக இருந்தாலும் 22 ஆக இருந்தாலும் அதேதான். எஞ்சின் இழுக்க வேண்டியது அந்த நாலைந்து பல்லை. மிச்சம் எல்லாம் வீண் உரசல், வீண் எடை. ஆனால் 20 அங்குலப் புளிக்குள் பார் முழுவதும் முங்கினால் பதினைந்து பல் ஒரே நேரத்தில் கடிக்கும். எஞ்சின் பெரிதா சிறிதா என்பது அப்போதுதான் வெளியே வரும். நான் முதலில் இதைத் தலைகீழாக நினைத்திருந்தேன்: பெரிய பார் இருந்தால் மிஷினும் பெரியது என்று.

போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். 7 அங்குலக் கருவை, காய்ந்தது, ஒரே தண்டில் அடுத்தடுத்து. 22 பார், ஒரு வாரமாக அரம் போடாத செயின்: 17 வினாடி. அதே பார், அரம் போட்ட பிறகு: 6 வினாடி. 18 பார், அரம் போட்ட செயின்: அதுவும் 6. எஞ்சினை மாற்றாமல் பத்து நிமிட அர வேலையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மழுங்கின செயினை வைத்துக்கொண்டு "மிஷினுக்கு இழுவை பத்தல" என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

கருவையில் செயின் சீக்கிரம் மழுங்குவதற்கு மரத்தின் கடினம் பாதிக் காரணம்தான். மறுபாதி மண். தரையை ஒட்டி அறுக்கிறோம். தூர்ப்பட்டையில் செம்மண் அப்பியிருக்கும். இப்போது ஒரு சாண் உயரம் விட்டு அறுக்கிறேன், அறுக்கிற இடத்தில் அரிவாளால் பட்டையை ஒரு சீவு சீவிவிடுகிறேன். பட்டறையில் கொடுத்து அரம் போட்டதில் ஒருமுறை ஏமாந்தேன். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை, எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிக்கிற அந்த மேட்டை, ராவித் தள்ளிவிட்டார்கள். செயின் மரத்தைக் கொத்துகிறது, எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கிறது. பல்லின் முனையை விட மேடு 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். அதன்பிறகு நானே போடுகிறேன்: 4.8 மி.மீ. உருண்டை அரம், பல்லின் மேல் கீறியிருக்கும் 30 டிகிரிக் கோட்டுக்கு நேராக, உள்ளிருந்து வெளியே, ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் கூடுதலாகப் போட்டால் அறுப்பு கோணிக்கொண்டு போகும்.

இரண்டாவது மிஷின் போன தை மாதம் வந்தது. தெரிந்தவர் ஒருவர் தோப்பை விற்றுவிட்டு, அதிகம் ஓடாத எம்எஸ் 250 ஒன்றை 16 அங்குலப் பாரோடு விற்றார். புதிதாக வாங்கியிருப்பேனா என்று கேட்டால், தயங்கித்தான் வாங்கியிருப்பேன், விலை அப்படி. தராசில் டேங்க் நிரப்பி 6 கிலோ. அதே 7 அங்குலக் கருவையில் 7 வினாடி. சீன மிஷினை விட ஒரு வினாடி பிந்துகிறது, ஆனால் ஒரு டேங்க் முடிந்து இன்னொரு டேங்கும் முடிந்த பிறகு இதே 7-ல் நான் அறுத்துக்கொண்டிருக்கிறேன். சீன மிஷினில் இரண்டாவது டேங்கில் என் விரல்கள் மரத்துப்போகும், டம்ளர் பிடித்தால் நடுங்கும். சித்தப்பா டீ கொடுக்கும்போது பாதிதான் ஊற்றுவார்.

14 அங்குல வேம்பில் கதை மாறியது. 54.5 சிசி 19 வினாடி, 45 சிசி 24. அதுவும் 45-ஐ அழுத்தக் கூடாது, அதன் போக்கில் விட வேண்டும். வேம்பு பச்சையாக இருந்ததால் தூள் ஈரமாக வந்து பார் பள்ளத்தில் அடைத்தது. இப்படிக் கட்டைதான் தினமும் என்றால் நான் 50-க்கு மேல் போயிருப்பேன். என் காட்டில் அது வருடத்துக்கு இரண்டு மரம்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். அரிவாளோடு கூடுதலாக ஒரு மிஷின், கொப்பு கழிக்கவும் 4, 5 அங்குலக் கட்டைக்கும் மட்டும் என்றால் 30, 32 சிசி போதும், 14 அங்குலப் பாருக்கு மேல் போடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு காலை, ஒரு வீட்டுக்கோ ஒரு சமையல்காரருக்கோ விறகு என்றால் 40 முதல் 50, பார் 16 அல்லது 18. கட்டையில் பாதிக்கு மேல் ஓர் அடிக் கனத்தைத் தாண்டினால் 50 முதல் 60. அதற்கு மேல் வாங்குவது தொழில் செய்கிறவர்களுக்கு. வருடத்தில் ஒருநாள் வேலைக்கு 72 சிசி வாங்கி மிச்ச நாளெல்லாம் அதைத் தூக்கிச் சுமப்பதை விட, அந்த ஒருநாள் ஆளைக் கூப்பிடுவது மேல்.

நானும் ஆளைத்தான் கூப்பிட்டேன், கிணற்றடிப் புளிக்கு. 2018 கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்து கிடந்த தென்னைகளை அறுக்கப் போய், அங்கேயே தொழில் படித்தவர் அவர். 72 சிசி, 24 அங்குலப் பார். 14 அங்குல வேம்புக் கட்டை ஒன்று மிச்சம் இருந்தது, அறுத்துக் காட்டச் சொன்னேன்: 12 வினாடி. என் சீன மிஷினைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை சிசி போட்டிருக்கு தம்பி?"

"அம்பத்தெட்டுன்னு போட்டிருக்குண்ணே. அளந்தா அம்பத்திநாலரை."

"அளந்தியா?" என்று என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புளியைச் சுற்றி வந்தார். பட்டையைத் தட்டினார், பொந்துக்குள் கையை விட்டார். உள்ளே ஆணி இருக்கும் என்றார்; கிணற்றடி மரம், யாராவது கயிறு கட்ட அடித்திருப்பார்கள். ஆள் உயரம் வரைக்கும் பட்டையைச் செதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, ஆடி முடிந்து வருகிறேன் என்று போயிருக்கிறார். இதுவரை மூன்று ஆணியும் ஒரு லாடமும் எடுத்திருக்கிறேன்.

கேன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கலந்த பெட்ரோல் இப்போது சிவப்புக் கேனில் மட்டும். லிட்டருக்கு 25 மில்லி டூ ஸ்ட்ரோக் (2டி) ஆயில். புது பிஸ்டன் போட்ட முதல் இரண்டு டேங்குக்கு 40 மில்லி. இரண்டு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மிச்சம் இருந்தால் பைக்கில் ஊற்றிவிடுகிறேன், கொஞ்சம் புகையும், அவ்வளவுதான். செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றுகிற பழக்கத்தையும் விட்டேன். மலிவுதான், ஆனால் அதிலிருக்கும் உலோகத்தூள் ஆயில் பம்பையும் பாரையும் தின்கிறது.

சீன மிஷின் 18 பாரோடு கொட்டகையில் இருக்கிறது, வேம்புக்கும் அவசரத்துக்கும். பழைய 22 பார் சுவரில் தொங்குகிறது. சித்தப்பா அதைத் தோசைக்கல் சுரண்டத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.